உங்கள் தெருவின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் தாம்பரம், பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கத் தொடங்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று. 2015 வெள்ளம் மறுபடியும் வருமா? வீட்டுத் தரையை எவ்வளவு உயர்த்தினால் போதும்? பேசாமல் வீட்டை விற்றுவிட்டு மேடான இடத்துக்குப் போய்விடலாமா? கட்டடப் பொறியாளர் என்ற முறையில் மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் விற்காதீர்கள். உங்கள் மனை எந்த நீர்வழியில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல வீடுகளுக்குச் சில ஆயிரம் ரூபாய் வேலையே போதுமானது. சில வீடுகளுக்கு எவ்வளவு செலவழித்தாலும் போதாது. உங்கள் வீடு எந்த வகை என்று தெரியாமல் விற்பதும் தவறு, தரையை உயர்த்துவதும் தவறு.

அடிப்படைக் காரணத்திலிருந்து தொடங்குவோம். சூரிய ஒளி பூமியைச் சூடாக்குகிறது. சூடான பூமி அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக (கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்) வெளியே அனுப்புகிறது. காற்றிலுள்ள நீராவி, கரியமில வாயு (கார்பன் டை ஆக்சைடு), மீத்தேன் ஆகியவை அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு மறுபடியும் தரையை நோக்கித் திருப்பிவிடுகின்றன. இதைத்தான் பசுமைக்குடில் விளைவு என்கிறோம். இந்த விளைவு தன்னளவில் கெட்டதில்லை. இது இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இப்போதுள்ள 15 டிகிரி செல்சியசுக்குப் பதிலாக மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். சிக்கல் அளவு மிஞ்சியதால் வந்தது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, நிலக்கரியும் பெட்ரோலியமும் எரித்ததாலும் காடழித்ததாலும் இப்போது 420 பங்கைத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய சராசரியைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடேறிய முதல் ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்திருக்கிறது.

ஒன்றரை டிகிரியால் தாம்பரத்துக்கு என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் அது சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். வங்காள விரிகுடாவும் சூடேறி வருவதால் அந்த நீராவிக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஒரு காற்றழுத்தத் தாழ்வு கரையோரம் வந்து நின்றால் அது கொட்டும் மழை முன்பைவிடக் கனமாக இருக்க வாய்ப்பு கூடுகிறது. அதே சமயம், மழைக்கும் மழைக்கும் இடைப்பட்ட வறண்ட நாள்களில் ஏரி நீர் வேகமாக ஆவியாகிறது. 2015-இல் வெள்ளத்தில் மிதந்த இதே சென்னைக்கு, நான்கே ஆண்டு கழித்து 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாப் பழியையும் புவி வெப்பமாதலின் மேல் போட்டுவிட்டு நாம் கை கழுவக் கூடாது. 2015 டிசம்பர் மழையைத் தனியே எடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகளால் அந்த ஒரு மழையில் புவி வெப்பமாதலின் பங்கு இவ்வளவு என்று உறுதியாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை. அது எல் நினோ (பசிபிக் பெருங்கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) வலுவாக இருந்த ஆண்டு. அப்படிப்பட்ட ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடுவது வழக்கம். மழையின் கனத்தை வானம் முடிவு செய்கிறது. அது எந்த வீட்டுக்குள் நுழையும் என்பதை முடிவு செய்தது நாம் மண்ணில் செய்த வேலை.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு கிரவுண்ட் மனை (2400 சதுர அடி) ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அந்த ஒரு மனையின் மேல் மட்டும் அன்று விழுந்தது சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் லிட்டர், அதாவது 12 ஆயிரம் லிட்டர் லாரியில் ஒன்பது லாரித் தண்ணீர். தெருவில் நாற்பது மனை இருந்தால் எவ்வளவு என்று பெருக்கிக்கொள்ளுங்கள். இவ்வளவும் எங்கேயோ போயாக வேண்டும்.

எங்கே போகும்? தாம்பரத்தில் இதற்கு இரண்டு பதில் உண்டு. மேற்கே, பீர்க்கன்காரணை, இரும்புலியூர் ஏரிகளின் உபரிநீர் முடிச்சூர் பக்கமாக இறங்கி அடையாற்றைச் சேர்கிறது. கிழக்கே, சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கு, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். ஆகவே மேற்குத் தாம்பரத்தில் இருப்பவரும் சேலையூரில் இருப்பவரும் ஒரே மாநகராட்சிக்கு வரி கட்டினாலும் அவர்களுடைய வெள்ளம் வேறு வேறு. ஒருவர் அடையாற்றைக் கவனிக்க வேண்டும். மற்றவர் பள்ளிக்கரணையையும் கடலின் ஏற்ற இறக்கத்தையும் கவனிக்க வேண்டும்.

இதில் பலரும் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். மழை வந்தால் தொலைக்காட்சியில் எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முடிச்சூர், வரதராஜபுரம்வாசிகளும் அப்படித்தான். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆற்றின் தொடக்கப் பகுதியில் இருக்கின்றன. அங்கே வீட்டுக்குள் வரும் தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் கலங்கல் (உபரிநீர் வழியும் தடுப்பு) வழிந்து வருவது. செம்பரம்பாக்கத்தில் மதகு திறக்கவில்லை என்ற செய்தியை நம்பி முடிச்சூரில் நிம்மதியாகத் தூங்க முடியாது. அங்குள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, ஆதனூர் ஏரி கலங்கல் வழிகிறதா என்பது. அனகாபுத்தூர், மணப்பாக்கம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு கவலையும் உண்டு.

கிழக்குப் பக்கத்தின் சிக்கல் வேறு விதம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. 2022-இல் ராம்சார் தலமாக (உலக அளவில் பாதுகாக்கப்பட வேண்டிய ஈரநிலம்) அறிவிக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் இடம்பெற்றது சுமார் 1,248 ஹெக்டேர்தான். குறைந்த இடத்தில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, சாலைகள், அலுவலகங்கள், அடுக்ககங்கள் எல்லாம் வந்துவிட்டன. சதுப்பு நிலம் என்பது வெள்ளத்தை வாங்கி வைத்திருந்து மெல்ல மெல்லக் கடலுக்கு விடும் இடம். வாங்கி வைக்க இடம் குறைந்தால் அந்தத் தண்ணீர் வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் தெருவில் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தபோது நடந்தது அதுவே. மழை நின்ற பிறகும் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாள்களில் முகத்துவாரம் வழியாக வெளியேறும் வேகம் குறைந்துவிடும். உங்கள் வீட்டுத் தரையை உயர்த்துவதால் அது மாறாது.

இனி, உங்கள் வீடு எந்த நிலையில் இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம். இதற்கு நிபுணர் தேவையில்லை.

முதலில் ஆவணம். பட்டாவிலுள்ள சர்வே எண்ணை வைத்து ‘அ-பதிவேடு’ (நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) பாருங்கள். இணையத்திலேயே பார்க்கலாம். உங்கள் எண்ணோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். பக்கத்து எண் ஓடை, வாய்க்கால், ஏரி, தாங்கல் என்று பதிவாகியிருந்தால் தரையில் இன்று தார்ச்சாலை தெரிந்தாலும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். புல வரைபடத்தையும் (சர்வே எண்ணின் அளவுகளைக் காட்டும் படம்) வாங்கி, வாய்க்காலின் அகலம் எவ்வளவு என்று பாருங்கள். படத்தில் பத்து மீட்டர் இருப்பது தரையில் ஒரு மீட்டர் கான்கிரீட் வடிகாலாக இருந்தால், உங்கள் தெருச் சங்கம் எங்கே மனு கொடுக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

அடுத்தது மட்டம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய்) ஒன்றை ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். குழாயில் காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் தண்ணீரை நிரப்புங்கள். ஒரு முனையை உங்கள் வீட்டு வாசற்படியிலும் மறுமுனையைத் தெருமுனை மின்கம்பத்திலும் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து வாசல் தரைக்கு எத்தனை அங்குலம், தெருவின் நடுப்பகுதிக்கு எத்தனை அங்குலம் என்று இரண்டையும் அளந்து எழுதிவையுங்கள். பிறகு சென்ற வெள்ளத்தின்போது சுவரில் படிந்த கறைக்கோட்டின் உயரத்தையும் அளங்கள். வீட்டுக்குள் தண்ணீர் நின்ற உயரம், தெரு உயரம், தரை உயரம் ஆகிய மூன்று எண்களும் கையில் இருந்தால் எந்தப் பொறியாளரும் உங்களுக்குப் பத்து நிமிடத்தில் சரியான ஆலோசனை சொல்ல முடியும். இந்த எண்கள் இல்லாமல் சொல்லப்படும் எந்த ஆலோசனையும் ஊகம்தான்.

இதைச் செய்யும்போது பலருக்கும் அதிர்ச்சி காத்திருக்கும். வீடு கட்டியபோது தெருவைவிட இரண்டடி உயரமாக இருந்த தரை இப்போது தெருவுக்குக் கீழே போயிருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டுச் சாலை வளர்ந்துவிட்டது. மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் அரசின் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவில் சாலை வேலை தொடங்கும் நாளில் அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அன்று கேட்கத் தவறினால், பிறகு உங்கள் செலவில் வீட்டை உயர்த்த வேண்டியிருக்கும்.

வேறு சில அறிகுறிகளும் உண்டு. மழையின் முதல் ஒரு மணி நேரத்தில் தெருவில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று நின்று பாருங்கள். பிறகு அது திசை மாறி உங்களை நோக்கி வந்தால், கீழ்ப்பக்கம் எங்கேயோ அடைத்துக்கொண்டது என்று பொருள். அந்த அடைப்பு பெரும்பாலும் சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலத்தில் (கல்வெர்ட்) இருக்கும். கீழ்த்தளக் கழிவறைக் கோப்பையில் தண்ணீர் குமிழியிட்டால் மண் முழுவதும் நீரால் நிறைந்து கழிவுநீர்த் தொட்டி பின்வாங்குகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். வாசலில் தண்ணீர் தெரிவதற்கு முன்பே இந்த அறிகுறி வந்துவிடலாம். அப்போதே பொருள்களை மேலே ஏற்றத் தொடங்கலாம்.

இனிச் செய்ய வேண்டியவை. பெரிய செலவுக்கு முன் சிறிய வேலைகளை முடியுங்கள். தரையடித் தொட்டியின் (சம்ப்) வாய் தரைமட்டத்தில் இருந்தால் செங்கல் கட்டி, சுவரிலுள்ள கறைக்கோட்டுக்கு மேல் உயர்த்துங்கள். வெள்ளத்தில் கழிவுநீர் கலந்து சம்ப் கெடுவது நோய் பரவுவதற்கு ஒரு முக்கியக் காரணம். கழிவறைக் குழாயில் ஒருவழி வால்வு (வெளியே மட்டும் விடும், உள்ளே திரும்ப விடாத அடைப்பு) பொருத்துங்கள். அது முடியாவிட்டால் மழை அன்று கோப்பையின் மேல் மணல் மூட்டை வையுங்கள். மின்சாரப் பலகையும் பிளக் இணைப்புகளும் கறைக்கோட்டுக்கு இரண்டடி மேலே இருக்கட்டும். மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி இல்லாத வீட்டில் முதலில் அதைப் பொருத்துங்கள். வெள்ளத்தில் மூழ்கி இறப்பவர்களைப் போலவே, தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து இறப்பவர்களும் இருக்கிறார்கள்.

மழை வருகிறது என்றதும் சம்ப்பையும் கழிவுநீர்த் தொட்டியையும் காலி செய்து வைப்பது ஒரு வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். மண் நீரால் நிறைந்திருக்கும்போது காலியான தொட்டியைத் தண்ணீர் அடியிலிருந்து தள்ளும். பிளாஸ்டிக் தொட்டி அப்படியே மேலே எழும்பி வந்துவிடும். செங்கல் தொட்டியில் அடித்தளம் விரிசல் விடும். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்வதாக இருந்தால் ஆகஸ்டில், நிலத்தடி நீர் கீழே இருக்கும்போது செய்துவிடுங்கள். மழைக்காலத்தில் சம்ப் நிறைந்தே இருக்கட்டும்.

தரையை உயர்த்துவதைப் பற்றி. கட்டட இடிபாட்டைக் கொட்டி வாசலையும் முற்றத்தையும் மட்டும் உயர்த்துவதால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர்களும் உயர்த்துவார்கள். கடைசியில் தெருவே ஒரு தொட்டியாகிவிடும். தவிர, உள்ளே மண் போட்டு உயர்த்தினால் கூரையின் உயரம் குறைந்து வீடு இன்னும் புழுங்கும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் முறை நம் பகுதியில் பரவி வருகிறது. அது எல்லா வீட்டுக்கும் ஏற்றதன்று. அடித்தளத்தில் தொடர்ச்சியான கான்கிரீட் உத்தரம் (பிளிந்த் பீம்) இல்லாத பழைய செங்கல் சுவர் வீட்டைத் தூக்குவது ஆபத்து. ஒப்பந்ததாரர் சொல்லை மட்டும் நம்பாமல், அவரோடு தொடர்பில்லாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் எழுத்து வடிவில் கருத்து வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். சுவரில் கறைக்கோடு இரண்டடிக்குக் கீழே இருந்தால், வாசலில் கழற்றி மாட்டும் தடுப்புப் பலகையும் ஒருவழி வால்வும் பெரும்பாலும் போதுமானவை. நான்கடிக்கு மேல் இருந்தால் கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தவும் கிடங்காகவும் மட்டும் வைத்துக்கொண்டு குடும்பம் மாடிக்கு மாறுவதே நீண்டகாலத் தீர்வு. ஓடைப் புறம்போக்கைத் தொட்டு நிற்கும் வீடு என்றால் அங்கே மேற்கொண்டு ஒரு ரூபாயும் போட வேண்டாம் என்பதே என் கருத்து.

காப்பீட்டை மறக்காதீர்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டை வழங்குகின்றன. அதில் வெள்ளச் சேதமும் அடங்கும். பொருள்களையும் கட்டடத்தையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள். சேதத்துக்குப் பிறகு அதற்கு முன் எப்படி இருந்தது என்று காட்ட அவை வேண்டும். தண்ணீரில் நின்ற காரையோ இருசக்கர வண்டியையோ ‘ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்த முடியாமல் என்ஜினின் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அந்தச் சேதத்தைக் காப்பீட்டு நிறுவனம் உங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். இழுவை வண்டியில் பணிமனைக்கு அனுப்புங்கள்.

மழை கொட்டும் நேரத்தில் வாட்ஸ்அப்பில் ‘ஏரி உடைந்துவிட்டது’ என்று குரல் பதிவு வரும். உடனே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவதுதான் உண்மையான ஆபத்து. மூடி திறந்த சாக்கடைக் குழி தெரியாது, அறுந்து கிடக்கும் மின்கம்பியும் தெரியாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. அங்கே கேட்டு உறுதி செய்யுங்கள். அறுந்த கம்பியைக் கண்டால் மின்வாரியத்தின் மின்னகம் (புகார் மையம்) எண் 94987 94987. வெளியேறச் சொன்னால் பகல் வெளிச்சத்திலேயே வெளியேறுங்கள். முதியவர்களும், ஆக்சிஜன், இன்சுலின் தேவைப்படுவோரும் உள்ள வீடுகள் எச்சரிக்கை வந்ததுமே உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. ஒரு விவரம்: முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், பக்கத்திலுள்ள வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். அழைக்கும்போது உங்கள் ஊர் எந்த மாவட்டம் என்று சொல்லிக் கேளுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு, ஈரச் சுவரோடு மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். மின்பணியாளர் சோதித்த பிறகே இணைப்பு. சம்ப்பில் வெள்ளம் புகுந்திருந்தால் உள்ளே பிளீச்சிங் பவுடரைக் கைநிறைய அள்ளிப் போடுவது பயனற்றது. முழுவதும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்புங்கள். பிறகு 1000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் என்ற அளவில், 33 சதவீதம் குளோரின் உள்ள பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரையுங்கள். சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை மட்டும் சம்ப்பில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். படிகாரம் கலங்கிய நீரைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. பாம்பு வராமல் இருக்கக் கார்பாலிக் அமிலம் தெளிப்பதால் பயனில்லை, கை கால் வெந்துபோவதுதான் மிச்சம். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெள்ள நீரில் நடந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக (லெப்டோஸ்பைரோசிஸ்) இருக்கலாம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மழைநீர் சேகரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, குழி அடைந்து கிடக்கிறது. மொட்டை மாடியைப் பெருக்கி, வடிகட்டித் தொட்டியிலுள்ள ஜல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள். மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேரே போர்வெல்லுக்குள் விட வேண்டாம். மாடியிலுள்ள அழுக்கு நிலத்தடி நீருக்குள் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது. தாம்பரம், பல்லாவரம் பக்கம் கீழே கடும்பாறை. அதன் மேலுள்ள சிதைந்த பாறை அடுக்கில்தான் தண்ணீர் நிற்கும். ஆகவே பழைய கிணறு இருந்தால் அதுவே மிகச் சிறந்த சேமிப்பு இடம். மூடிவிடாதீர்கள். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நவம்பர் கடைசியில் பள்ளமான பகுதிகளில் நிலத்தடி நீர் தரையைத் தொட்டுவிடும். அப்போது உறிஞ்சுகுழி வெள்ளத்தைக் குறைக்காது. அதன் பயன் அடுத்த மே மாதத்துக்கானது.

மே மாதம் என்றதும் வெப்பம் நினைவுக்கு வரும். 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நம் பகுதியில் வெப்பத்தைவிடக் கொடியது அதோடு சேர்ந்த ஈரப்பதம். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உடல் குளிராது. கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய சூட்டை இரவு பத்து மணிக்குத்தான் படுக்கையறைக்குள் இறக்குகிறது. இதற்குச் செலவு குறைந்த மருந்து வெள்ளை நிறம். விரிசல்களை அடைத்த பிறகு, வெயிலைத் திருப்பிவிடும் வெண்ணிறப் பூச்சு அல்லது வெள்ளை ஓடு. மாலையில் மாடியில் தண்ணீர் ஊற்றுவது ஓரிரு மணி நேரம் இதமாக இருக்கும். விரிசல் வழியாக இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. வெயிலில் வேலை செய்பவர் பேச்சுத் தடுமாறினாலோ மயங்கினாலோ நிழலுக்குக் கொண்டுபோய், உடலில் தண்ணீர் தெளித்து விசிறி, 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குறைப்பதில் ஒரு வீட்டின் பங்கு சிறியது, ஆனால் பூச்சியம் அன்று. 1 கிலோவாட் சூரிய மின்தகடு நம் வெயிலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஆண்டுக்குச் சுமார் ஒரு டன் கரியமில வாயு மிச்சம். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78 ஆயிரம் ரூபாய் மானியம் உண்டு. ஈரக்குப்பையை வீட்டிலேயே உரமாக்குங்கள். கிடங்கில் மூடிக் கிடந்து அழுகும் குப்பை விடும் மீத்தேன், கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்து புகைந்ததை அந்தப் பக்கத்தவர் மறந்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குள் செய்வதைவிடப் பலன் தருவது தெருவாகச் சேர்ந்து கேட்பது. தெரு வடிகால் உள்ளாட்சியின் பொறுப்பு, ஏரியும் கலங்கலும் அடையாறும் நீர்வளத் துறையின் பொறுப்பு. எந்த மனுவையும் ‘எங்கள் பகுதியில் தண்ணீர் தேங்குகிறது’ என்று பொதுவாக எழுதாதீர்கள். இன்ன சர்வே எண்ணிலுள்ள வாய்க்கால் புல வரைபடத்தில் இவ்வளவு அகலம், தரையில் இவ்வளவு அகலம், இன்ன இடத்தில் அடைப்பு என்று அளவோடு, படத்தோடு எழுதுங்கள். உங்களுக்குக் கீழ்ப்பக்கத்து ஊர்ச் சங்கத்தின் கையெழுத்தையும் சேர்த்து வாங்குங்கள். உங்கள் வாய்க்காலை மட்டும் அகலப்படுத்தினால் வெள்ளம் அவர்கள் வாசலுக்குப் போகும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. சம்ப் வாயை உயர்த்துவது, வால்வு பொருத்துவது, ஆர்.சி.சி.பி. மாட்டுவது ஆகிய மூன்றையும் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். அக்டோபரில் கொத்தனாரும் கிடைக்கமாட்டார், மின்பணியாளரும் கிடைக்கமாட்டார்.